இடம் சொல்லாமல் போன நைனாவுக்கு

என் தங்க நைனா,

உனக்கு எப்போது போன் செய்தாலும் "துன்னியா?" என்றுதான் முதலில் கேட்பாய். கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் "இந்தா, உங்கம்மா பேசறா" என்று போனை அம்மாவிடம் தள்ளிவிடுவாய். இன்றைக்கு அப்படித் தள்ளிவிட முடியாது. இது உனக்குத்தான்.

துன்னேன் நைனா. காலையில் இரண்டு இட்லி. ருசி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உள்ளே போய்விட்டது.

நான் சொல்லப்போவதை எந்தப் பெண்ணும் தன் அப்பாவிடம் சொல்ல மாட்டாள். நீ உயிரோடு இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். போதாததற்கு நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறாளே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய். வைத்துக்கொள். நம் வீட்டில் சொல்லாமல் விட்டது போதும்.

எனக்குக் குழந்தை உண்டாகியிருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து. சொந்தத்தில் "விசேஷம் ஒண்ணும் இல்லியா" என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் நீதான். அதனால் உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ போய் மூன்று வருஷமாகிறது, எங்கே போய்ச் சொல்வது?

ஐந்தாம் மாதம் தொடங்கியதும் ஸ்கேனுக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. கருவியை வயிற்றின் ஒரே இடத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். எழுந்து போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள்.

நான் அழவில்லை. உன் மருமகன்தான் அழுதார். ஸ்கேன் சென்டர் வாசலில், திருப்பதி ஜனமெல்லாம் போய்வந்துகொண்டிருக்கிற ரோட்டில், பைக் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பிரபு அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தபடி எதிர்க் கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பழுத்திருந்தது. இன்றைக்குள் விற்காவிட்டால் கறுத்துவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் மனசில் வேறு ஒன்றுமே ஓடவில்லை நைனா. அது எப்படி?

ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரை வைத்தார்கள். பிரசவ அறையிலேயே ஓரமாக ஒரு கட்டில். மறைப்புக்கு அந்தப் பக்கம் வேறு பெண்கள் பெற்றுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை, வெயில் ஏறின பிறகு, எனக்கும் வந்துவிட்டது. "பாக்காதம்மா, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றாள் நர்ஸ். எவர்சில்வர் தட்டில் துணியைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள். நானும் திரும்பிக்கொண்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்ணாகத்தானே என்னை வளர்த்தாய்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். என் மாமியார் பிளாஸ்கில் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். அவர் பெற்ற காலத்தில் பெற்றவுடன் கஞ்சிதான் கொடுப்பார்களாம். யாரையும் கேட்கவில்லை.

"பெத்த வயிறு காலியா இருக்கக் கூடாதும்மா. ஒரே மூச்சில குடி" என்றார்.

ஒரே மூச்சில் குடித்தேன். பெற்ற வயிறு என்று அவர் ஒருவர்தான் சொன்னார், அதற்காகவே இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகு டாக்டர் வந்து பார்த்து, நஞ்சுக்கொடி முழுசாக வெளியே வரவில்லை, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய் எடுக்க வேண்டும் என்றார்.

மயக்க மருந்து டாக்டரம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வி உன் கேள்விதான். என்ன சாப்பிட்டீர்கள்? மாமியார் பெருமையாகச் சொன்னார். "எவரிச்சாரு கஞ்சி! எவர்னி அடிகி இச்சாரு!" என்று டாக்டரம்மா தெலுங்கில் ஒரு கத்து கத்தினார் பார், யாரைக் கேட்டுக் கஞ்சி கொடுத்தீர்கள் என்று. வயிறு நிறைய இருக்கும்போது முழு மயக்கம் கொடுத்தால் கஞ்சி மேலே ஏறி மூச்சில் போய்விடுமாம். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"முதுகுல ஊசி போடறோம். இடுப்புக்குக் கீழ தெரியாது. ஆனா நித்திர லேது. முழிச்சிக்கினே இருப்பீங்க. பயம் ஒத்து, பயப்படாதீங்க, சரியா?"

சரி என்றேன். அந்த வாரம் முழுக்க எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தியேட்டர் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. குளிர். நீ ஓட்டிய பஸ்ஸின் ஜன்னல் ஓரம் மார்கழியில் அடிக்குமே, அந்த மாதிரி. மேஜை மேல் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனியச் சொன்னார்கள். முதுகில் பஞ்சால் ஏதோ ஜில்லென்று தடவினார்கள். ஊசி ஏறினபோது "அம்மா, நோவுதே, அம்மா" என்று கத்திவிட்டேன். பத்தாவது வரைக்கும் தெலுங்கு மீடியம், வேலை செய்கிற சார்ஜர் கம்பெனியிலும் நாள் முழுக்கத் தெலுங்கு. ஆனால் வலிக்கும்போது வாயில் தமிழ்தான் வந்தது. அதனால் இது தமிழ்நாட்டிலிருந்து வந்த கேஸ், தெலுங்கு தெரியாது என்று அங்கே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

பிறகு இடுப்பிலிருந்து கீழே சூடாக என்னவோ இறங்கிற்று. படுக்கவைத்தார்கள். நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் யாரோ யாருடைய காலையோ தூக்கி மாட்டினார்கள். கால்விரலில் நான் போட்டிருந்த மருதாணி தெரிந்தது. ஓ, என் கால்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அந்தக் காலுக்காக வருத்தப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வலி இல்லை. ஆனால் இழுக்கிறது தெரிகிறது. உள்ளே ஒரு மூட்டையை யாரோ அவிழ்க்கிற மாதிரி, அசைக்கிறது தெரிகிறது. தலைக்கு மேல் பெரிய விளக்கு. அதன் ஓரத்தில் பளபளப்பான வளையம். அதில் பச்சையும் சிவப்புமாக ஏதோ நகர்ந்தது. அது என்னவென்று புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் சத்தம் அதிகமாகக் கேட்டது. திறந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அவர்கள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தேன்.

என்ன பேசினார்கள் தெரியுமா? தரிசன டிக்கெட். பெங்களூரிலிருந்து, எனக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்த பெரிய டாக்டரின் மச்சான் குடும்பத்தோடு வருகிறானாம், டிக்கெட் வாங்கிக் கொடு என்று போனில் உயிரை எடுக்கிறானாம். திருப்பதியில் இருக்கிறோம் என்றால் மலையே நம் பெயரில் பட்டா போட்ட மாதிரி எல்லோருக்கும் நினைப்பு என்று அவர் புலம்பினார். நர்ஸ் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது நைனா. சர்ச்சுக்குப் போகிற என்னிடமே மெட்ராஸ்காரர்கள் லட்டு கேட்பார்கள். உள்ளே என் வயிற்றை வழித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் தரிசன டிக்கெட்டுக்குச் சிரிக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்திருந்ததா? பிடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு இன்னொரு நர்ஸ் வந்தாள். அவள் தெலுங்கில் கேட்டதை அப்படியே சொல்கிறேன். "சார், லேபர் ரூம்லோ பெட்டிந்தி உந்தி கதா, வாள்ள ஆயன ஒத்தன்னாரு. எல்லோ கவர்லோ வேசெய்யமண்டாரா?" பிரசவ அறையில் வைத்திருப்பதை இவள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், மஞ்சள் கவரில் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். மஞ்சள் கவர் ஆஸ்பத்திரிக் கழிவுக்கு. பஞ்சு, கட்டுத் துணி எல்லாம் அதில்தான் போகும். பெரிய டாக்டர் தலையைத் தூக்காமலே சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

"பாரேயகண்டி!"

சொன்னது யார் என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. "பாரேயகண்டி. அதி நாக்கு காவாலி" என்று மறுபடியும் சொன்னேன். தூக்கிப் போடாதீங்க, எனக்கு வேணும். குரல் பெரிதாகக்கூட வரவில்லை. ஆனால் பெரிய டாக்டர் தலையைத் தூக்கினார். டாக்டரம்மா என் முகத்துக்கு நேரே குனிந்து, "மீகு தெலுகு ஒச்சா?" என்றார். வரும் என்றேன். அவர் என் நெற்றியில் கையை வைத்தார். வைத்த கையை வேலை முடிகிறவரைக்கும் எடுக்கவில்லை. டிக்கெட் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கஞ்சி குடிக்காமல் இருந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். எழுந்திருக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு தூக்கிப்போட்டது, இரண்டு கம்பளி போர்த்தினார்கள். சாயங்காலம் கால் விரல் அசைந்தது, பிறகு முட்டி, பிறகு தொடை. மற்றது எதுவும் இன்னும் வரவில்லை. பிரபு தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியாம முடிச்சுடலாம்னுதான் சொன்னேன்" என்றார். "நீ பாத்தா தாங்க மாட்டே. அம்மாவும் அதான் சொன்னாங்க. நம்ம பழக்கமும் அதுதானே."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷன், பயந்துபோயிருந்தார். பழக்கம் என்று அவர் சொன்னதும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது.

படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சபைக் குடும்பங்களில், பிறக்குமுன் இறந்த பிள்ளையை ஆண்கள் மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை, ஆகவே மணி அடிப்பதில்லை, சிலுவை நடுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் எங்காவது சுவர் ஓரமாக வைத்துவிட்டு வருவார்கள். எந்த இடம் என்று தாய்க்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். எனக்குப் பின்னால் அம்மா வயிற்றில் உண்டான என் தம்பி ஏழாம் மாதத்தில் அப்படிப் போனான். அவனை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது நீ.

அம்மா உன்னைக் கேட்டாள். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், நானே கேட்டிருக்கிறேன். "கர்த்தர்கிட்ட கீறான். அத்தோட வுடு" என்பாய். டூட்டிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா இரண்டு கூடைப் பூ வாங்குவாளே, நினைவிருக்கிறதா? ஒன்று நம் வீட்டுக் கல்லறைகளுக்கு. இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் ஓரமாகவே நடப்பாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சாமந்தி. முள்ளு, கண்ணாடித் துண்டு எதையும் பார்க்க மாட்டாள். எந்த மூலை என்று தெரியாதே, அதனால் சுவர் முழுவதற்கும் போட்டுவிடுவாள். எல்லோர் வீட்டு அம்மாக்களும் சுவருக்குப் பூப் போடுவார்கள் என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன அன்று, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சொன்னாள். "கடைசிக் காலத்துல கேட்டுக்கலாம்னு இருந்தேனே. இந்த மனுசன் இப்பிடிச் சொல்லாம போவாருன்னு எனக்குத் தெரியாதே." நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டாயே, அதைச் சொல்லி அழுகிறாள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும்.

அதனால்தான் அந்த மேஜையில் வாய் திறந்தது. எனக்கு என் பிள்ளையின் இடம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் எனக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் டிஸ்சார்ஜ். பிரபு போய் ஒரு புது வேட்டி வாங்கிக்கொண்டு வந்தார். கிழித்துக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் ஆயாம்மா. கிழிக்க யாருக்கும் கை வரவில்லை. முழு வேட்டியிலும் சுற்றினோம். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது நைனா, விரல் எல்லாம் இருந்தது. சுற்றச் சுற்ற வேட்டி பெரிய மூட்டையாகிவிட்டது. மடியில் வைத்தால் துணிதான் தெரிந்தது, கனமே இல்லை. வடமாலபேட்டையில் தன் சொந்த ஊரில் வைக்கலாமா என்று கேட்டார் பிரபு. சித்தூர் போகலாம் என்றேன். மறுபேச்சு பேசாமல் காரை எடுத்தார்.

நீ ஓட்டிய ரோடு இப்போது இல்லை. அகலமாக்கிவிட்டார்கள். சந்திரகிரி, பாகாலா, பூதலப்பட்டு எல்லாம் பலகையில் பெயராக வந்து போகிறது, ஊருக்குள் யாரும் நுழைவதில்லை. டீ குடிக்க நீ நிறுத்துகிற இடம் எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. உனக்கு இந்த ரோடு பிடித்திருக்கும். இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தது இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எனக்கு அன்றைக்கு மட்டும் அது முடியாமல் இருந்திருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்து கேட்டில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்திருந்தார். உன் தம்பி அப்படியேதான் இருக்கிறார், அதே உரத்த குரல், அதே லுங்கி. பாஸ்டர் ஐயாவிடம் கேட்டுச் சாவி வாங்கியிருந்தார். மழை பெய்து விட்டிருந்தது. நாலு பேரும் கேட்டுக்குள் நுழைந்தோம். உள்ளே கால் வைத்ததும் சித்தப்பா பழக்கத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"பொம்பளைங்க இங்கியே இருங்க. மாப்பிள, அதைக் கொடுக்கச் சொல்லு. நாம போயிட்டு வந்துடலாம்."

நான் மூட்டையைக் கொடுக்கவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. தியேட்டரில் வந்த வார்த்தை அங்கே வரவில்லை நைனா. சித்தப்பா முன்னால் எப்படிப் பேசுவது? அம்மாதான் பேசினாள்.

"ராசு, அன்னிக்கி நானு படுத்துக்கினு இருந்தேன், எடுத்துக்கினு போயிட்டீங்க. இன்னிக்கி நின்னுக்கினு கீறேன். இவளும் வருவா. நானும் வருவேன்."

அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சித்தப்பா நீட்டிய கையை இறக்கினார். பிறகு, "சரி, உங்க இஷ்டம் அண்ணி. தூரம் போறதுக்கு இன்னா கீது? அண்ணன் வெச்ச இடத்தாண்டயே வெச்சுடலாம். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போய்வரலாம் என்கிற மாதிரி. சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கீழே ஊன்றினார்.

"கொஞ்சம் நவுந்துக்கோ அண்ணி. செருப்ப எடு. இங்கதான்."

கேட்டுக்கு உள்ளே, இடது கைப் பக்கம், புங்க மரத்தடி. அம்மா குனிந்து பார்த்தாள். வழக்கம் போல நுழைந்ததும் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டிருந்தாள். எல்லா வருஷமும் அங்கேதான் விடுவாள்.

"எங்க?"

"இங்கதான் அண்ணி, இந்த மேட்டுல. செவுத்தாண்ட மழத்தண்ணி நிக்குது, நாய் தோண்டுதுன்னு அண்ணன் ஒத்துக்கவே இல்ல. மரத்தடியில மேடா கீதுன்னு இங்க வெச்சாரு. நாங்க ரெண்டு பேருந்தான்." அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "உனக்குத் தெரியாதா? அண்ணன் சொல்லவே இல்லியா? பின்னால சொல்லியிருப்பாருன்னு இல்ல நானு இருந்தேன்!"

நீ மட்டும்தான் அறிந்தவன் என்று நாங்கள் நினைத்தோம், அதனால் சித்தப்பாவை யாரும் கேட்கவில்லை. நீ சொல்லியிருப்பாய் என்று சித்தப்பா நினைத்தார், அதனால் அவரும் வாய் திறக்கவில்லை. ஒரே தெருவில் இத்தனை வருஷம், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

எனக்கு அந்த இடத்தில் நீ நிற்கிறது கண்ணில் வந்தது. கல்லறைத் திருநாள் தோறும் நீ மரத்தைத் தாண்டி உள்ளே வர மாட்டாய். "நீங்க போயிட்டு வாங்க. நானு செருப்பு பாத்துக்கினு கீறேன்" என்று அந்த மரத்தடியில் நின்றுவிடுவாய். டிரைவருக்கு நடக்கச் சோம்பல், செருப்பு ஸ்டாண்டு டூட்டி பார்க்கிறார் என்று எல்லோரும் உன்னைக் கேலி செய்வோம். நீயும் சிரிப்பாய்.

நீ செருப்பையா பார்த்துக்கொண்டிருந்தாய்?

அம்மா சுவர் ஓரமாகப் பூப் போட்டுக்கொண்டு போகிறது அங்கிருந்து உனக்கு நன்றாகத் தெரியுமே. திரும்பி வந்து உன் பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொள்வாள். முள் குத்தியதா என்று கேட்டு அவள் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். செருப்பை வேறு பக்கம் விடு என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள் என்று பயந்தாயா? சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தாயா, அல்லது நீயா? உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ தனியாக அங்கே நின்றதை நினைத்தால் ஆத்திரத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் ரோட்டோரம் வைத்துவிட்டு வந்தாள். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பு இருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். ஈர மண்ணைத் துடைத்தால் என்ன ஆகும், சேலைதான் சேறானது. அவள் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

கொஞ்சம் தள்ளித்தான் தோண்டினார், அவனுக்கு இடைஞ்சல் ஆகாமல். எனக்குக் குனிய முடியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. பிரபு குழிக்குள் முட்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினார். நானே கொடுத்தேன். அம்மா ஜெபம் செய்தாள். பாதியில் அவளுக்கு வார்த்தை வரவில்லை, சித்தப்பா மீதியைச் சொல்லி முடித்தார். பிறகு பிரபுவும் சித்தப்பாவும் மண் தள்ளினார்கள், மேலே சப்பைக் கல் இரண்டு வைத்தார்கள்.

இப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டேன். சார்ஜரை மாட்டுகிறேன், விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன், அடுத்ததை எடுக்கிறேன். எல்லோரும் தைரியசாலி என்கிறார்கள். தைரியம் எங்கே இருக்கிறது இதில், ஒன்றும் தெரியாமல்தானே இருக்கிறேன்? அது தெரிய வரும்போது வரட்டும். எங்கே போய் அழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதுகூட இல்லாமல் இருந்தது.

ஆகவே எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். சித்தூரில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம். பெரிய கேட்டுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், புங்க மரத்தடி, மேடான இடம். மரத்தை ஒட்டி இருப்பது என் தம்பி. அவனுக்குப் பக்கத்தில், சப்பைக் கல் வைத்திருப்பது என் பாப்பா. யாரும் மறந்துவிட வேண்டாம். நான் மறந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன் நைனா. அவள் இனி சுவர் ஓரமாக நடக்க மாட்டாள். உன் கல்லறைக்கும் பூ உண்டு, கோபம் இருந்தாலும் உண்டு. எல்லோரும் உள்ளே போகும்போது நீ நின்ற அந்த இடத்தில் நான் நிற்பேன். அங்கே ஏன் நிற்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். செருப்பு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளை இருக்கிறது என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மகள்,
பாப்பாவின் அம்மா,
சுகந்தி